குலுக்கிப் பார்த்தல்

நுவரெலியாவில் மூன்று நாள் பயிற்சி.
முதல் நாள் தோடம்பழத்துக்கு ஊசி போட்டோம்.
பதினாறு வருஷம் பிள்ளைகளுக்குப் போட்ட கை
பழத்தின் முன்னால் கூச்சப்பட்டது.
பழம் அழவில்லை, அதனால் இருக்கும்.

பாடம் சிங்களத்தில், என் குறிப்பு தமிழில்,
மருந்தின் பெயர் மட்டும் இரண்டிலும் இல்லாத மொழியில்.
தில்ருக்ஷி மிஸ்
கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிப் பேசுவார்.
நான் தவறவிட்ட சொல்லை
பக்கத்தில் இருந்த கொட்டகலை சுகந்தமாலா
முழங்கையால் இடித்து இடித்துத் தந்தாள்.

இரண்டாம் நாள் குலுக்கிப் பார்த்தல்.
இரண்டு குப்பி.
ஒன்று வேண்டுமென்றே உறைய வைத்து இளக விட்டது.
மற்றது, சந்தேகம்.
இரண்டையும் ஒரே கையில் குலுக்கி
மேசையில் வைத்துவிட்டுக்
கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும்.
உறைந்து கெட்டது திரிந்த பாலாய் அடியில் இறங்கும்,
மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும்.
கெடாதது கலங்கியே இருக்கும்.
'தெளிந்தால் வீசு, கலங்கினால் வை'
என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
இத்தனை நாளும் எல்லாரும் தலைகீழாகவே சொல்லித் தந்தார்கள்.

மூன்றாம் நாள் சான்றிதழோடு ஒரு படிவம்.
மேற்பார்வைப் பதவிக்கு விண்ணப்பிக்கலாமாம்.
வயது என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்று, பிறகு
நாற்பத்து மூன்று என்று எழுதியது.

*

தை மாதம். அக்கரப்பத்தனை.
இரவுப் பனி கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போன காலை.
மருந்தை வெயிலில் வைக்காதே என்கிறது
கொழும்பிலிருந்து வந்த சுவரொட்டி.
வெயிலுக்கு நாங்கள் எங்கே போவோம்?
எங்கள் மருந்துக்கு எமன் குளிர்தான்.
கூட்டித் துடைத்த யாரோ
ஃபிரிட்ஜின் திருகைக் கடைசி எண்ணுக்குத் தள்ளியிருந்தார்கள்.
வெப்பமானியில் கழித்தல் ஒன்று.

வெளியே வாங்கில் இருபத்திரண்டு தாய்மார்,
அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கியவர்கள்.
இன்றைக்கு ஊசி இல்லை என்றேன்.
ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.
மேல் டிவிசன் தர்ஷிகலா
பிள்ளையைச் சேலையால் இறுக்கிக்கொண்டு
"அந்த அரைப்பேரை நீங்களா மிஸி தருவீங்க?" என்றாள்.
அதற்குப் பயிற்சியில் விடை தரவில்லை.

அன்றிரவு ஒரு குப்பியை உறைய வைத்தேன்.
மறுநாள் இளகியதும் இரண்டையும் குலுக்கி
அரைமணி நேரம் காவல் இருந்தேன்.
தெளிந்தது.
இரண்டுமே அழகாய், அருவித் தண்ணீர் போலத் தெளிந்தது.

அறுபத்து நான்கு குப்பி.
பதிவேட்டில் என் கையெழுத்திலேயே எழுதினேன்.
சிவப்பு மை எங்கள் அலுவலகத்தில் தீர்ந்திருந்தது,
நீலத்தில் எழுதினேன்.

*

நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
அவர்களிடம் சிவப்பு மை இருந்தது.
அறுபத்து நான்கைச் சுற்றி வட்டம்.
ஏன் இவ்வளவு விரயம்?

சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன்:
பனி, திருகு, கழித்தல் ஒன்று, இரண்டு குப்பி.
அடியில் இறங்கியதே, அதற்குச் சொல் வரவில்லை.
தொண்டை வரை தேடினேன்.
இடித்துத் தரச் சுகந்தமாலாவின் முழங்கை இல்லை.
வாயில் தமிழ்தான் வந்தது:
"மண்டி."

நடுவில் இருந்தவர் தலை நிமிர்ந்தார்.
"மண்டி," என்றார் அவரும்.
அவர்கள் மொழியிலும் அது மண்டிதான்.
நாற்பத்து மூன்று வருஷம்
அந்தச் சொல் இரண்டு வீட்டுக் குவளைகளின் அடியிலும் கிடந்திருக்கிறது,
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியாது.
போகலாம் என்றார்கள்.

*

கடிதம் இன்னும் வரவில்லை.

புது மருந்து வந்த புதன்கிழமையே தர்ஷிகலா வந்திருந்தாள்.
என்னோடு பேசவில்லை.
பிள்ளையின் காலை மட்டும்
அசையாமல், மிகச் சரியாகப் பிடித்தாள்.

இன்றும் புதன்.
கதவைத் திறந்ததும் முதலில் வெப்பமானி: நான்கு.
பிறகு ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
கலங்கித்தான் இருக்கிறது.
நல்லது.
முதல் பேரைக் கூப்பிடுகிறேன்.